ஐந்து இதழ்களும் ஒரு விலாசமும்

அந்தத் தோட்டத்திலிருந்து சிலிம் ரிவர் டவுனுக்கு மூன்று மைல் செம்மண் சாலை. பாதி தூரம் நடந்திருந்தேன். ஒரு பக்கம் வெட்டிச் சாய்த்த ரப்பர் பால்மரங்கள் கிடந்தன. மறுபக்கம் முழங்கால் உயரத்துக்குச் செம்பனைக் கன்றுகள். நிழல் என்று ஒன்றும் கிடையாது. செருப்பு வார் அறுந்துபோனதால் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அடி வாங்கித்தான் திரும்புவேன் என்று நினைத்துப் போயிருந்தேன். கறுப்புக் கோப்பி கொடுத்து அனுப்பினார்கள். அடித்திருந்தால் நடப்பது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தி ஈப்போவுக்கு வந்து டைப்பிஸ்ட் வேலை பார்க்க இருந்தாள். இனி வரமாட்டாள். நான் ஒரு பத்திரிகையில் எழுதிய நான்கு வரிதான் காரணம்.

பத்திரிகை என்று சொன்னால் பெரிதாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு பக்கம், ரோனியோ மெஷினில் சுற்றி எடுத்தது. மொத்தம் ஐந்து இதழ். அதன் வரலாற்றைச் சொல்ல என்னைத் தவிர ஒருவர் இருந்தார், அவரும் இப்போது இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். பெயர்கள் எதையும் எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதியது போதும்.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. எழுபதுகளில் நாங்கள் இருந்த தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். அப்பா அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டார். அம்மா தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள், நான் வேறு பக்கம் போனேன். புல் வெட்டினேன். ஈயச் சுரங்கத்தில் மணல் அள்ளினேன். சினிமாக் கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டினேன். ஓரிடத்தில் ஒரு வருஷம் இருந்தால் கால் அரிக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஒரு கேசட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தேன், பத்திரிகையால்.

கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பழைய தமிழ்ப் பாட்டு என்றால் உயிர். ஆனால் வியாபாரம் பிரேக் டான்ஸில் இருந்தது. அந்த வருஷம் பேரா மாநிலத்தில் எந்தப் பக்கம் போனாலும் பையன்கள் அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு முதுகால் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாடாங் மைதானத்தில், தமிழர்கள் இருக்கும் புந்தோங் பகுதிப் பையன்கள் ஒரு பக்கம், சீனப் பையன்கள் ஒரு பக்கம், மலாய்ப் பையன்கள் ஒரு பக்கம் என்று ஆடுவார்கள். அந்த ஆட்டத்துக்கு வேண்டிய கேசட்டுகள் எங்கள் கடையில் கிடைக்கும். பாட்டு மாதிரியும் இருக்காது, பேச்சு மாதிரியும் இருக்காது. கொட்டுச் சத்தத்தின்மேல் ஒரு ஆள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போவான்.

“இது என்னடா, கிராணி பெரட்டுல பேர் வாசிக்கிற மாதிரி இருக்கு” என்பார் கடைக்காரர்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். கிராணி என்பவர் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. அவர் பெயரை வாசிக்க வாசிக்க ஆட்கள் குரல் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். ஒரு வகையில் கடைக்காரர் சொன்னது சரிதான்.

பத்திரிகை யோசனை என்னுடையது. கடைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது, எவன் முதலில் ஆடினான், அடுத்த போட்டி எங்கே. பழைய பேப்பர் கடையில் எடைக்கு விற்கும் வெள்ளைக்காரப் பத்திரிகைகள் சிலதில் அந்தப் படங்கள் இருந்தன. ஹிப் ஹாப் என்ற சொல்லை அதில்தான் முதலில் பார்த்தோம். படத்தை ஸ்டென்சில் தாளின் அடியில் வைத்து ஊசிப்பேனாவால் கோடு இழுப்பேன். அச்சில் எல்லா முகமும் கரித்துணி மாதிரி வரும். தொப்பியை வைத்துத்தான் யார் என்று அடையாளம் சொல்ல வேண்டும்.

மெஷின் ஒரு கோயிலுடையது. கடைக்காரரின் மாமா அங்கே செயலாளர். திருவிழா நோட்டீஸ் அடித்து மிச்சமான தாளில்தான் முதல் இதழைப் போட்டோம். முன்பக்கம் தலைகீழாக நிற்கும் ஒரு நீக்ரோ பையன், பின்பக்கம் தீமிதிக்கு விரதம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை. “ரெண்டும் கால் சம்பந்தப்பட்டதுதான் லா” என்றார் கடைக்காரர்.

தொடர்ந்து வரும் பத்திரிகை என்றால் அரசாங்க அனுமதி வேண்டும் என்று யாரோ பயமுறுத்தினார்கள். அதனால் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பெயர் வைத்தோம், ஒவ்வொன்றின் மேலும் ‘சிறப்பு மலர்’ என்று எழுதினோம். ஐந்து இதழுக்கு ஐந்து பெயர். படிப்பவர்கள் அந்தப் பெயர்களில் ஒன்றையும் சொல்ல மாட்டார்கள். “அண்ணே, அந்தப் புஸ்தகம் வந்துருச்சா?” என்றுதான் கேட்பார்கள். பஸ் கண்டக்டர்கள் கட்டுக் கட்டாக எடுத்துப் போய் வழியிலுள்ள முடிவெட்டும் கடைகளில் போட்டார்கள். தெற்கே சிலிம் ரிவர் வரைக்கும் போனது.

முதல் இதழ் வெளிவந்த மூன்றாவது வாரம் சிலிம் ரிவரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முத்து முத்தான எழுத்து. ‘ஆட்டத்தைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு வரி கூட இல்லையே’ என்று கேட்டிருந்தது. கீழே ஒரு பெண் பெயர். டவுனில் ஒரு கடையின் மாடியில் நடக்கும் டைப்பிங் வகுப்பின் விலாசம்.

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அவன் என்ன சொல்கிறான் என்று எங்களுக்கே தெரியாது. நான் பதில் எழுதினேன். ‘உங்களுக்குப் புரிந்தால் எழுதி அனுப்புங்கள்’ என்று சொல்லி ஒரு கேசட்டையும் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் நான்கு பக்கம் வந்தது. உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் பாரம் வரை படித்தவள். வீட்டில் கேசட் போட வசதியில்லை. அவளுடைய அண்ணன் செம்பனை லாரி ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை லாரி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் நிற்கும்போது அதில் ஏறி உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் போட்டுக் கேட்டிருக்கிறாள். தங்கச்சி இங்கிலீஷ் பழகுகிறாள் என்று அண்ணனுக்குச் சந்தோஷம். அதை எழுதுகிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த நான்கு பக்கத்தைப் படித்த பிறகுதான் எனக்கு அந்தப் பாட்டு கேட்கவே ஆரம்பித்தது. இது காதல் பாட்டு இல்லை, சண்டைப் பாட்டும் இல்லை என்று எழுதியிருந்தாள். தான் இருக்கும் தெருவில் லிப்ட் வேலை செய்யவில்லை, தண்ணீர் வரவில்லை, வேலை இல்லை என்று ஒருவன் கேட்க வந்தவர்களிடம் சொல்கிறான், அதைத் தாளத்தோடு சொல்கிறான், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தாள். ‘நம்முடைய லயத்திலும் இப்படிச் சொல்ல விஷயம் இருக்கிறது. தாளம்தான் இல்லை.’

பெண் பெயரில் வேண்டாம், ஒரு ஆண் பெயரில் போடுங்கள் என்று அவளே ஒரு பெயரையும் கொடுத்திருந்தாள். காரணமும் எழுதியிருந்தாள்: பெண் எழுதுகிறாள் என்று தெரிந்தால் யாரும் பாட்டைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், என்னைப் பற்றிக் கேட்பார்கள்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது.

இரண்டாம் இதழிலிருந்து அந்த ஆண் பெயருக்காகவே பத்திரிகை போனது. மூன்றாம் இதழில் அவள் தமிழிலேயே ஒன்று எழுதினாள். விடிகாலை மணி அடிப்பதிலிருந்து பொதுக் குழாயில் தண்ணீர் நிற்கும் வரை, ஒரு லயத்தின் ஒரு நாள். புந்தோங் பையன்கள் அதை மனப்பாடம் செய்து, ஒருவன் பிஸ்கட் டின்னில் தட்ட, ஆட்டத்துக்கு நடுவில் சொல்ல ஆரம்பித்தார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும். எல்லாரும் அந்த மாதிரிக் குழாயடியில் நின்றவர்கள்தான்.

கடிதங்களில் அவள் தன்னைப் பற்றி அதிகம் எழுத மாட்டாள். ஒன்றை மட்டும் இரண்டு மூன்று தடவை எழுதினாள். டைப்பிங் பரீட்சை முடிந்ததும் புந்தோங்கில் இருக்கும் சித்தி வீட்டில் தங்கி ஒரு வக்கீல் ஆபீசில் வேலைக்குச் சேரப் போகிறாள். அப்பாவுக்கு இஷ்டமில்லை. அண்ணன்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். ‘அண்ணன் சொல்லிவிட்டது. இனி அப்பா மாற மாட்டார்’ என்று எழுதியிருந்தாள். தீபாவளிக்கு டைப்பிங் வகுப்பு மூடியிருந்தபோது தோட்டத்து விலாசத்தைக் கொடுத்தாள். பக்கத்திலேயே, ‘மிக மிக அவசரம் என்றால் மட்டும்.’

நான் அந்த விலாசத்துக்கு ஒரு கடிதமும் போடவில்லை. அதைவிடப் பெரியதாக ஒன்றைச் செய்தேன்.

எங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கம் பேனா நண்பர்கள் பக்கம். அந்த நாளில் அது இல்லாமல் தமிழில் ஒன்றும் விற்காது. பெயர், வயது, பொழுதுபோக்கு, முழு விலாசம். பையன்கள் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவார்கள். எங்கள் ஆட்களுக்கு விலாசம் அச்சில் வந்தால் எழுது என்று கூப்பிட்டதாகத்தான் அர்த்தம். எந்தப் பக்கத்தில் வந்தாலும் அப்படித்தான்.

நான்காம் இதழுக்குப் பிறகு ஈப்போவில் ஒரு சமூக மண்டபத்தில் ஆட்டப் போட்டி நடந்தது. அங்கே ஒருவன் மைக்கைப் பிடித்து, “அந்தப் பேர்ல எழுதுறது நான்தான்” என்றான். கூட்டம் விசில் அடித்தது. அவள் எழுதிய குழாய்ப் பாட்டைச் சொல்லிக் காட்டினான். அதையும் தப்பாகச் சொன்னான். அவனுக்கு மாலை போட்டார்கள்.

நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.  அங்கேயே மேடையேறி அவனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் உட்கார்ந்து ஐந்தாம் இதழின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி நான்கு வரி எழுதினேன். இதுவரை இந்தப் பெயரில் எழுதிவந்தவர் இவர்தான். அவளுடைய சொந்தப் பெயர். இன்னாருடைய மகள். தோட்டத்தின் பெயர், இரண்டாவது டிவிஷன், வீட்டு நம்பர், சிலிம் ரிவர்.

ஏன் முழு விலாசம்? எங்கள் லயத்தில் ஒருவர் பெயர் அச்சில் வருவது இரண்டே சமயம். கல்யாணப் பத்திரிகையில், அப்புறம் கருமாதிப் பத்திரிகையில். இரண்டிலும் தகப்பன் பெயரும் ஊரும் டிவிஷனும் இருக்கும். அதுதான் மரியாதை. வெறும் பெயரைப் போட்டால் நாதியில்லாத ஆள் மாதிரி. நான் அவளுக்கு மரியாதை செய்வதாக நினைத்தேன்.

கடைக்காரர் ஸ்டென்சிலைப் பார்த்தார்.

“கேட்டியாடா அந்தப் புள்ளகிட்ட?”

“கேட்டா வேணாம்னு சொல்லும் அண்ணே.”

“அப்பறம்?”

“அதான் கேக்கல.”

அவர் அந்த நான்கு வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு மெஷினில் மாட்டினார். அந்தப் பொறுப்பில் பாதியை அவர் கடைசி வரை தன்மேல் போட்டுக்கொண்டார். அது தேவையில்லை. முழுதும் என்னுடையது.

நான் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துக்குத் தபால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். தபால்காரன் லயத்துக்கு வர மாட்டான். எல்லாக் கடிதமும் ஆபீசுக்குப் போகும். மறுநாள் பெரட்டில், நூறு பேர் நிற்கும்போது, கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். வீட்டுப் பெண்ணுக்கு வந்தால் தகப்பன் கையில் கொடுப்பார். இதெல்லாம் தெரிந்தும் எழுதும்போது ஒரு நிமிஷம் கூட அது மனதில் வரவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

முதல் நாள் இரண்டு கடிதம் வந்ததாம். அடுத்த நாள் ஐந்து. அந்த வாரம் முடிவதற்குள் பதினேழு. பாரிட் புந்தாரிலிருந்து, பாகான் செராயிலிருந்து, பெயர் தெரியாத தோட்டங்களிலிருந்து. எல்லாம் ஆண்கள். சிலர் பாட்டைப் பற்றி எழுதியிருக்கலாம். உறையின்மேல் பூப் படம் வரைந்தவர்களும் இருந்தார்கள். கிராணி மூன்றாவது நாள், “இன்னைக்கும் மாப்பிள்ளைங்க கடுதாசி வந்திருக்கு” என்று அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டாராம். பெரட்டு முழுக்கச் சிரித்திருக்கிறது.

டைப்பிங் வகுப்பில் அவளோடு படித்த ஒரு பெண் இதை எங்களுக்கு எழுதினாள். கடைசியில், ‘அவள் இப்போது வகுப்புக்கு வருவதில்லை’ என்று இருந்தது.

ஆறாம் இதழுக்கு அவள் அனுப்பியிருந்த நான்கு தாள்கள் என்னிடம் இருந்தன. இந்தக் கலாட்டாவுக்கு முன்னால் அனுப்பியது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நேரில் போய்ப் பேசினால், வெறும் எழுத்து, வேறு ஒன்றுமில்லை என்று புரியவைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

“நான் போய்க் கால்ல விழுந்தாவது பேசிட்டு வாரேன் அண்ணே” என்றேன்.

“விழுறதுனா அந்தப் புள்ள கால்ல விழு. மத்தவங்க கால்ல இல்ல” என்றார் கடைக்காரர். “சாயங்காலம் வந்துரு. ஸ்டென்சில் ரெடியா வெச்சிருக்கேன்.”

லயத்துக்குள் நுழைந்ததும் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். வீடு எது என்று கேட்டேன். ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் சொன்னாள்:

“பாருங்கடி, ஒரு கடுதாசி நடந்தே வந்திருக்கு!”

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விளங்கியது, வந்ததே அடுத்த தப்பு என்று. பதினேழு பேர் காகிதத்தில் வந்தார்கள். நான் காலோடு வந்திருக்கிறேன். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் வீட்டைக் கையால் காட்டிவிட்டார்கள்.

அவளுடைய அப்பா வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். ஈப்போ என்று நான் சொன்னதும் எழுந்து வீட்டின் பின்பக்கம் போய்விட்டார். நான் இருக்கும் வரை திரும்பி வரவில்லை.

லாரியைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் வாளியோடு வந்தார். என் வயதுதான் இருக்கும்.

“நீதானா அது?”

“நான்தான். மன்னிப்புக் கேக்க வந்தேன். உங்க தங்கச்சி எந்தத் தப்பும் பண்ணல. அது எழுதினது இதான். நீங்களே படிச்சுப் பாருங்க.”

தாள்களை நீட்டினேன். அவர் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நின்றபடியே படித்தார். மெதுவாக, உதடு அசையப் படித்தார். இரண்டாம் தாளில் அவரைப் பற்றி வரும். ஞாயிற்றுக்கிழமை லாரியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும்போது, பேட்டரி இறங்கிவிடும் என்று தெரிந்தும் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வெளியே நின்று பீடி குடிப்பதைப் பற்றி. அந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு கடைசி வரை படித்தார்.

“நல்லாத்தான் எழுதிருக்கு” என்றார்.

“ஆமா அண்ணே.”

“எழுதினது தப்பில்ல லா. விலாசம் போட்ட பாரு, அதான்.” குரலை உயர்த்தவில்லை. “அப்பாகிட்ட எத்தன மாசம் பேசி இதுக்குச் சரின்னு சொல்ல வெச்சேன் தெரியுமா? பொண்ணு டவுனுக்குப் போனா கெட்டுரும்னு சொன்ன ஆளு. இப்ப தோட்டத்துல இருக்கறப்பவே பதினேழு கடுதாசி. நான் இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுவேன்?”

“நான் பேசறேன் அவருகிட்ட.”

“நீ பேசினா இன்னும் மோசம். யாரு நீ?”



“ஈப்போ வேலை?” என்று கேட்டேன்.

“முடிஞ்சிருச்சு. பினாங்குப் பக்கம் ஒரு இடம் பாத்திருக்காங்க. தை மாசம்.” வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றினார். “நல்ல குடும்பம்தான்” என்றார், யாருக்கோ சொல்வது போல.

அவளுடைய அம்மா கோப்பி கொண்டுவந்து கொடுத்தார். “பசியாறிட்டு வந்தீங்களா தம்பி?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அந்தக் கோப்பியை விழுங்குவதற்கு நான் பட்ட பாடு சுரங்கத்தில் கூடப் பட்டதில்லை.

அப்போது அவள் வாசலுக்கு வந்தாள். அதற்கு முன் நான் அவளைப் பார்த்ததில்லை. எழுத்தைப் பார்த்து உயரமான பெண்ணாக நினைத்திருந்தேன். குள்ளமாக, கண்ணாடி போட்டிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவர் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசட்டும் என்று விட்டார் என நினைக்கிறேன்.

“ஏன் அண்ணே வந்தீங்க?” என்றாள்.

“தப்புப் பண்ணிட்டேன்.”

“அதுக்குக் கடுதாசி போட்டிருக்கலாமே...” என்று ஆரம்பித்தவள், தான் சொன்னதைக் கேட்டுத் தானே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஒரு நொடிதான். பிறகு அவள் முகம் மாறியது.

“அன்னைக்கு முதல் பக்கத்துல என் பேரப் பாத்தேன். அப்ப அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஒரு நாள் முழுக்க யாருக்கும் தெரியாது. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு அண்ணே. அதான் இப்பக் கஷ்டமா இருக்கு. உங்கமேல கோவப்படவும் முடியல.”

நான் கோப்பிக் குவளையை வாசற்படியில் வைத்தேன்.

“நான் கொடுத்த அந்த ஆம்பளப் பேரு இருக்குல்ல, அதுல வேற யாரையும் எழுத விடாதீங்க” என்றாள்.

“விட மாட்டேன்.”

“புஸ்தகம் வருமா?”

“நீ எழுதலன்னா அதுல என்ன இருக்கு?”

“டான்ஸ் இருக்கும்” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் அந்த நான்கு தாள்களைத் திருப்பித் தரவில்லை. மடித்து லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே, ரோட்டு வரிச் சீட்டு வைக்கும் இடத்தில் செருகினார். “போ லா, வெயிலுக்கு முன்ன போயிரு” என்றார். வெயில் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

டவுனுக்கு வந்து சேர்ந்தபோது பஸ் போயிருந்தது. ரயிலுக்குக் காத்திருந்தேன். ஈப்போவுக்கு டிக்கெட் எடுத்தேன். கம்பார், பத்து காஜா என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வந்தது. மூடிப்போன சுரங்கங்களின் மணல்மேடும் தண்ணீர்க் குட்டைகளும் ஜன்னலில் போய்க்கொண்டிருந்தன. கடைக்காரர் என்னென்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நல்லவர். பையன்கள் கேட்கிறார்கள், அந்தப் பெயரில் யாரையாவது எழுதச் சொல்லிப் போடலாம் என்பார். நான் முடியாது என்பேன். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்பார். ஐந்தாவது தடவை நான் சரி என்று சொல்லிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அன்றைக்கு அவளிடம் கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்து கேட்காமல் விட்டவன்தானே.

ஈப்போ வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பெட்டியும் இரண்டு சட்டையும் கடையின் மாடியில் இருந்தன. ரயில் நகர்ந்தது. அப்போதும் எழுந்திருந்தால் குதித்திருக்கலாம்.

தைப்பிங் தாண்டி டிக்கெட் பரிசோதகர் வந்தார். என் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலாய் மொழியில், “தூங்கிட்டியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாகான் செராயில் இறக்கிவிட்டார்.

ஆறாம் இதழ் வரவில்லை. கடைக்காரர் தனியாகப் போட முயற்சி செய்யவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஸ்டென்சில் தாள்களைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டாராம். அவரைப் பல வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை பார்த்தேன். என்னைத் திட்டவில்லை. “சொல்லிட்டுப் போயிருக்கலாம்லடா” என்றார். அவளைப் பற்றி இருவரும் பேசவில்லை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது என்று மட்டும் தெரியும். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கிற உரிமை எனக்கு இல்லை.

பாகான் செராயில் மறுநாள் காலை, தமிழ் முஸ்லிம் ஒருவரின் காக்கா கடையில் டீ குடிக்கும்போது, அரிசி மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் சொன்னார். வழி கேட்டுப் போனேன். அறுவடைக் காலம். மில் முற்றத்தில் ஈர நெல் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. சீன முதலாளி உள்ளே இருந்தார். ஆள் எடுத்தவர் நம் ஆள், வயதான கங்காணி. என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“எந்த ஊரு?”

“தெக்க இருந்து வாரேன்.”

“உள்ள ஒரு வேலை இருக்கு, நிழல்ல. மூட்டைல விலாசம் எழுதணும். எழுதப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாதுங்க” என்றேன்.

“அப்ப வெளிய வெயில்லதான்.”

நெல் தள்ளும் மரப்பலகையைச் சுவரோரமாகக் காட்டினார். எடுத்துக்கொண்டேன். சிமெண்டுக் களத்தில் நெல்லை மெல்லிசாகப் பரப்பி, அரை மணிக்கு ஒரு தடவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை புரட்டிக்கொண்டே வர வேண்டும். வெறுங்காலோடு. மத்தியானத்துக்குள் தரை கொதிக்கும் என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான். நான் முதல் வரிசையைத் தள்ள ஆரம்பித்தேன்.